ஹிப் ரீசர்ஃபேஸிங் செய்தால் இரண்டு கிழமையில் ஊன்றுகோலை எறியலாமா?

கேள்வி, 2025 பெப்ரவரி 3

நானாவுக்கு 44 வயது. கிண்ணியாவில் மீன் லொறி ஓட்டுகிறவர். இடது இடுப்பு மூட்டு தேய்ந்து, இப்போது இரவில் திரும்பிப் படுக்கவும் ஏலாது. முழு மூட்டையும் மாற்றாமல் ரீசர்ஃபேஸிங் செய்யலாம், சென்னைக்குப் போங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எலும்பை வெட்டுவதே இல்லையாம், மேலே ஒரு மூடி மட்டும்தானாம். அதனால் இரண்டு கிழமையில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஒரு மாதத்தில் லொறி எடுக்கலாமாம். நோன்புப் பெருநாள் முடியப் போக யோசிக்கிறோம். உண்மையா இது? செய்துகொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பெப்ரவரி 3, இரவு

மூடி உண்மை. இரண்டு கிழமை உண்மையில்லை.

எனக்கு இந்த ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் இதே சத்திரசிகிச்சை நடந்தது, வலது பக்கம். இப்போது திருகோணமலையில் வீட்டோடு இருக்கிறேன், இரண்டு ஊன்றுகோலோடு நடக்கிறேன். நானாவும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

முழு மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் தலையையும் கழுத்தின் பெரும்பகுதியையும் வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்குவார்கள். ரீசர்ஃபேஸிங்கில் தலை அப்படியே இருக்கும். கெட்டுப்போன மேற்பரப்பைச் சீவி, பல்லுக்கு கப் போடுவது போல ஒரு கோபால்ட்-குரோமியம் மூடியை அதன் மேல் பொருத்துவார்கள். இடுப்புக் குழிக்குள் அதே உலோகத்தில் ஒரு கிண்ணம். பிற்காலத்தில் முழு மூட்டு மாற்ற வேண்டி வந்தால் அதற்கு எலும்பு மிச்சம் இருக்கும். வயது குறைந்தவர்களுக்கு இதைச் சொல்வதற்கு அதுதான் முக்கிய காரணம்.

ஆனால் மிச்சம் வைத்த அந்தக் கழுத்துத்தான் முதல் மாதங்களில் முறியக்கூடியதும். மூட்டைத் திறக்கும்போதும் தலையைச் சீவும்போதும் அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. பாரம் போகிற வழியும் மாறுகிறது. எலும்பு இதற்கெல்லாம் பழகும் வரைக்கும் அது பலவீனமாகத்தான் இருக்கும். 100 பேரில் ஒருவர், இருவருக்கு அந்தக் கழுத்து முறிகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். முழு மாற்றில் அந்தக் கழுத்தை நம்பி எதுவும் நிற்பதில்லை. எலும்பை வெட்டவில்லை, ஆகவே சீக்கிரம் ஓடலாம் என்று சொன்னவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்.

பெப்ரவரி 4

டிக்கெட் போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது சிறுநீரகம். உலோகத்தோடு உலோகம் உரசும்போது கோபால்ட்டும் குரோமியமும் மிக நுண்ணிய அளவில் இரத்தத்தில் கலக்கும். அதை வெளியே தள்ளுவது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மூட்டு சரிவராது. பதவிய, மதவாச்சிப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நானாவுக்கு அந்தப் பக்கத்து வாழ்க்கையோ, சீனி வருத்தமோ, பிரஷரோ இருந்தால், சிறுநீரகம் எப்படி என்று காட்டுகிற கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டு போகட்டும்.

இரண்டாவது, எந்த வகை மூட்டு, பந்தின், அதாவது அந்த மூடியின், விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பது. பேர்மிங்ஹாம் வகை 1997இலிருந்து பாவனையில் இருக்கிறது. 2015இல் அதைத் தயாரித்த நிறுவனமே 46 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அளவுகளை நிறுத்தியது, பெண்களுக்கு இனிப் பரிந்துரைக்கவில்லை என்றும் சொன்னது. பந்து சிறிதானால் தேய்மானம் கூடுகிறது. ஏ.எஸ்.ஆர். என்ற இன்னொரு வகையை 2010இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். ரீசர்ஃபேஸிங் என்ற ஒரே பெயரில் நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. டொக்டரிடம் வகையையும் அளவையும் எழுதியே வாங்குங்கள். நானா ஆண், 44 வயது, எலும்பு நல்லதாக இருந்தால் இதற்குப் பொருத்தமானவர்தான்.

பெப்ரவரி 8

முதல் நாட்கள் எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். நின்றதும் தலை சுற்றும், பயப்பட வேண்டாம். கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருந்து, மூச்சை இழுத்து விட்டு, பிறகு எழும்புங்கள். பழைய நோ, அந்த மூட்டுக்குள்ளே அரைக்கிற நோ, அன்றைக்கே போய்விட்டது. அதற்குப் பதிலாக வெட்டின இடத்து நோவும், தொடையெல்லாம் இறுகிப்போன உணர்வும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது காலின் பாரம். கட்டிலில் காலைத் தூக்கி வை என்றால் கால் அசையாது. மூளை சொல்கிறது, தசை கேட்கவில்லை. அங்கிருந்த பிசியோ தங்கச்சி ஒரு நாடாவைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு பழைய சாரத்தை நீளமாக மடித்து, பாதத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் காலைக் கட்டிலுக்கு ஏற்றினேன். நாடாவை விட சாரம் நல்லது. அகலமாகப் பிடிக்கிறது, பாதத்தை அறுப்பதில்லை.

உடுக்கவும் சாரம்தான். தலைவழியாகப் போட்டு இறக்கலாம், குனியத் தேவையில்லை. காற்சட்டை என்றால் ஒப்பரேஷன் செய்த காலை முதலில் உள்ளே விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும்.

வீக்கம் தொடையில் தொடங்கி முழங்கால், கணுக்கால் என்று இறங்கும். கண்டல் நிறமும் அப்படியே. ஊதா, பச்சை, மஞ்சள் என்று மாறி மாறிக் கீழே வந்து, வெட்டாத இடத்திலெல்லாம் தெரியும். அது இரத்தம் தன் பாரத்தில் கீழே வடிவது. ஐஸ் வைக்க, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வாங்கும் நீளமான ஐஸ் பக்கெட் நல்லது, இடுப்பின் வளைவுக்கு ஏற்றபடி வளையும். துவாயில் சுற்றி 15, 20 நிமிடம். நேரே தோலில் வைக்க வேண்டாம், அந்த இடம் மரத்திருப்பதால் தோல் கருகினாலும் தெரியாது.

மலச்சிக்கல். கடுமையான நோக்குளிசைகள் எல்லாம் குடலைக் கட்டிவிடும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை, தேவையென்றால் இளக்கும் மருந்தும். முக்கி முக்கி இருப்பது அந்த நேரத்தில் இடுப்புக்கு உதவாது.

பெப்ரவரி 9

இப்போதே செய்யக்கூடியது: வீட்டில் குந்துகிற கக்கூஸ் மட்டும்தான் இருந்தால் கொமட்டுக்கு வழி பாருங்கள். எனக்கு முதுகுப்பக்கமாக மூட்டைத் திறந்தார்கள். அப்படிச் செய்தவர்கள் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. ரீசர்ஃபேஸிங்கில் பந்து பெரிதென்பதால் கழன்றுவிடும் ஆபத்து முழு மாற்றை விடக் குறைவுதான், ஆனாலும் தைத்த தசை ஆறும் வரைக்கும் இந்தக் கட்டுப்பாடு. சாதாரண கொமட்டும் பலருக்குப் பதிவு. அதன் மேல் வைக்கும் உயர்த்தி மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

கதிரைக்கு ஒரு வழி: பிளாஸ்டிக் கதிரை இரண்டு மூன்றை ஒன்றின் மேல் ஒன்று அடுக்குங்கள். உயரமும் கூடும், கால் வளைந்து சறுக்குவதும் நிற்கும். கை வைக்கும் பிடி உள்ள கதிரையாக இருக்கட்டும்.

நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் செருகுவது, எடுப்பது இரண்டும் குனிகிற வேலை. அதை வேறு யாராவது செய்ய வேண்டும். இரவில் அவசரத்துக்கு எழும்பும்போதுதான் இது ஞாபகம் வரும்.

பெப்ரவரி 13

பயணம். நான் சென்னையிலிருந்து பலாலிக்கு வந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பறப்பு. சிறிய விமானம் என்பதால் ஏணிப்படி ஏறத்தான் வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒப்பரேஷன் செய்த கால் முதலில். இதை ஆஸ்பத்திரிப் படியிலேயே பழகிக்கொண்டு வாருங்கள். விமான நிலையத்தில் உலோகம் சோதிக்கிற வாசலைக் கடக்கும்போது மூட்டில் உள்ள உலோகம் மணி அடிக்க வைக்கும், டொக்டரின் கடிதத்தை மேல் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

கஷ்டம் விமானமில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தான வழியாக வீட்டுக்கு வந்த ரோட்டுத்தான். வானின் முன் சீற்றைப் பின்னுக்குச் சாய்த்து, கீழே ஒரு தலையணை போட்டு, முழங்காலை விட இடுப்பு உயரமாக இருக்கும்படி உட்கார்ந்தேன். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நடந்தேன். ஓட்டிய தம்பி ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. நேரம் போகப் போக அவரே "அண்ணை, இறங்குற நேரம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஏறுவது இப்படி: முதுகைச் சீற்றுக்குக் காட்டி நின்று, பின்புறம் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது. ஓட்டோவிலும் இதேதான், ஆனால் முதல் கிழமைகளில் ஓட்டோவைத் தவிர்ப்பது நல்லது. சீற் பதிவு, கால் நீட்ட இடமில்லை, குழியில் விழுந்து எழும்புகிற அதிர்ச்சி நேரே மூட்டுக்குப் போகிறது.

இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை வீட்டிலும் தொடர்ந்தார்கள். இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 35 நாள் வரைக்கும் மருந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, சிலருக்கு ஊசி, சிலருக்குக் குளிசை. என் மனைவிதான் போட்டார். முதல் நாள் அவருடைய கை நடுங்கியது. பிறகு சோறு பரிமாறுகிற சாதாரணத்தில் போட்டுவிட்டுப் போனார்.

பெப்ரவரி 15

கிரந்தி, அதாவது காயத்துக்கு ஆகாது என்று ஒதுக்குகிற சாப்பாடு பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எல்லார் வீட்டிலும் இது வரும்.

என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் போனார்கள். சூரை கிரந்தி, கணவாய் கிரந்தி, றால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி, முட்டையும் வேண்டாம். அப்படியே கேட்டிருந்தால் சோறும் சொதியும்தான் மிச்சம். வெட்டின தசையும் தோலும் ஆற வேண்டுமென்றால் புரதம் வேண்டும். மாமியின் மனம் நோகாமல் ஒரு இணக்கத்துக்கு வந்தோம்: சூரை வேண்டாம், விளைமீனும் ஒட்டியும் பாரையும் சரி, சரக்குக் கறியாக வைத்தால் இன்னும் சரி. மிளகும் மல்லியும் உள்ளியும் போட்டு அவர் வைத்த ஒட்டிக் கறி, வாயெல்லாம் மருந்துக் கசப்பாக இருந்த அந்த நாட்களில் என்னைச் சாப்பிட வைத்தது. முட்டையை அவருக்குத் தெரியாமல் மகள் அவித்துக் கொண்டுவந்தாள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் இணக்கம் வேண்டாம். முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரைக் கூப்பிட்டுக் காலை உருவிவிடலாம் என்று அன்போடு சொல்வார்கள். மூடாத காயத்தில் எண்ணெய் படக் கூடாது. அதை விடப் பெரிது, கெண்டைக்காலில் இரத்தக்கட்டி இருந்தால் உருவும்போது அது பெயர்ந்து நெஞ்சுக்குப் போகலாம். உயிர் போகிற விஷயம். யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பெப்ரவரி 19

முதல் குறிப்பில் எழுதியதற்கே திரும்பி வருகிறேன். இந்தக் கிழமை அது எனக்கு நேரே தெரிந்தது.

நோ போய்விட்டது. குளிசையும் இல்லை, பனடோல் கூட இல்லை. காலையில் எழும்பி, ஊன்றுகோலை எடுக்காமலே குசினி வரைக்கும் போகலாம் என்று கால் சொல்கிறது. பல வருடம் நோவோடு நடந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று நோவில்லாதவர்களுக்கு விளங்காது. நோ இருந்தவரைக்கும் அதுவே கட்டுப்படுத்தியது. இப்போது கட்டுப்படுத்த உள்ளேயிருந்து ஒன்றுமில்லை, டொக்டர் எழுதித் தந்த தாள் மட்டும்தான் இருக்கிறது.

தோல் இரண்டு மூன்று கிழமையில் மூடும். தசை ஆறேழு கிழமையில் பிடிக்கும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். மூடிக்குக் கீழே உள்ள கழுத்தில் முதல் மாதங்களில் எலும்பின் அடர்த்தி குறைந்து, பிறகுதான் திரும்ப ஏறுகிறது, அது பழைய நிலைக்கு வர ஒரு வருடம் வரை எடுக்கும். ஓட்டம், குதிப்பு, பாரம் தூக்குவது எல்லாவற்றையும் ஆறு மாதம், சிலர் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்வது அதற்காகத்தான். இதில் எதையும் கால் உணர்த்தாது. நானாவுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள், ஒப்பரேஷன் முடிந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது. லொறியில் மீன் பெட்டி இறக்க ஆளில்லை என்று ஒரு விடியற்காலை வரும், அன்றைக்குக் கால் நோகாது.

திடீரென்று கவட்டுப் பக்கம் குத்தி, காலில் பாரம் வைக்க ஏலாமல் போனால் வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டாம், அன்றே எக்ஸ்ரே.

பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தேன், விடியும் வரைக்கும் இருக்கவில்லை. ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறியிருக்கிறேன்.

பிரெட்றிக் கோட்டைக்குள் வாகனத்தில் போய், கடைகள் உள்ள இடத்தில் இறங்கி நடந்தேன். ஏற்றம் சிரமமில்லை. இறக்கத்தில்தான் அடியை அளந்து வைக்க வேண்டும். கோயிலுக்குள் வெறுங்கால், தரையில் தண்ணீர். ஊன்றுகோலின் அடி ரப்பர் ஈரத்தில் வழுக்கும். நான் ஒவ்வொரு தூணுக்கும் போய் நின்று போய் நின்று நடந்தேன். வீட்டிலும் இதே கவனம் வேண்டும். கடற்கரை மண் ரப்பரின் பள்ளத்துக்குள் ஏறிவிட்டால் டைல்ஸில் பிடிக்காது. வாசலில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டு ரப்பரைத் தேய்த்துவிட்டு உள்ளே வாருங்கள்.

சப்பாணி கட்டி இருக்க ஏலாததால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் மகனை அனுப்பிக் கதிரை எடுப்பித்துத் தந்தார்.

மார்ச் 6

தொழுகை பற்றிக் கேட்ட தம்பிக்கு: கதிரையில் இருந்து தொழலாம் என்று உங்கள் மௌலவியே சொல்லியிருக்கிறார், அது நல்ல செய்தி. மூட்டின் கணக்கில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கதிரையில் இருந்தாலும் முன்னுக்கு ஆழமாகக் குனிந்தால் இடுப்பு 90 பாகையைத் தாண்டிவிடும், முதல் கிழமைகளில் தலையை மட்டும் தாழ்த்தினால் போதும். வுழூச் செய்ய பைப்படியில் உயரமான கதிரை, கால் கழுவ ஒரு ஆள். தரையில் இருப்பது, நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூது எல்லாம் எப்போது திரும்பும் என்பதை மூன்று மாத எக்ஸ்ரே பார்த்த பிறகு டொக்டரிடமே கேளுங்கள்.

மார்ச் 14

முந்தநாள் ஒரு பயம். பின்னேரம் வலது கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சூடாக இருந்தது. வீக்கம் வழக்கமாக இரவு படுத்துக் காலையில் எழும்ப வற்றிவிடும். இது வற்றவில்லை. ஊசி முடிந்து பல நாளாகிவிட்டது, இனி என்ன என்று விட்டிருக்கலாம், ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் வரைக்கும் கட்டி வரக்கூடிய காலம்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டொப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள். கட்டி இல்லை. நடையைக் கூட்டியதால் வந்த வீக்கம்.

இல்லையென்று தெரிந்துகொள்வதற்குப் போவதும் சரியான போக்குத்தான். கெண்டையில் நோ, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, நெஞ்சில் குத்து, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

ஏப்ரல் 2

பெருநாள் வாழ்த்து, பிந்திவிட்டது.

ஊன்றுகோல் எத்தனை கிழமை என்பதில் என் நினைப்பு இப்போது மாறியிருக்கிறது. முன்பு நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பெரியாஸ்பத்திரியில் பிசியோ பார்க்கிற அக்கா என்னை நடக்கவிட்டு, பின்னாலிருந்து என் இடுப்புப் பட்டியைப் பார்த்தார். வலது காலில் நிற்கும்போது இடது பக்கம் தாழ்ந்தது. இடுப்பின் பக்கத் தசை இன்னும் தாங்கவில்லை என்று அர்த்தம். "தாழாமல் நடக்கும் வரைக்கும் கோல் வேணும், அது எத்தனை கிழமையானாலும்" என்றார். கோலில்லாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தால் அந்தச் சாய்வே பழகிப்போகும், முதுகும் மற்ற முழங்காலும் கெடும்.

கோல் பிடிக்க வேண்டியது ஒப்பரேஷன் செய்யாத பக்கத்துக் கையில். நானாவுக்கு இடது இடுப்பு, ஆகவே வலது கை. பலர் நோகிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். எதிர்க் கையால் ஊன்றும்போதுதான் மூட்டின் மேல் தசை இழுக்கிற பாரம் குறையும்.

சந்தைக்குப் போனால் இரண்டு பேராவது "இன்னும் கம்போடையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

பிந்திச் சேர்த்தது: மூட்டுக்குள் சில வேளை டொக் என்று ஒரு சத்தம் வரும் என்று ஒருவர் பயந்து எழுதியிருக்கிறார். எனக்கும் வந்தது. தசை தளர்ந்திருக்கும்போது உலோகம் உலோகத்தில் தட்டுவது. நோவில்லாமல் வந்தால், தசை இறுக இறுகக் குறையும்.

ஏப்ரல் 25

நானா நல்லபடியாக வந்து சேர்ந்தது மிகுந்த சந்தோஷம். மூடி 50 மில்லிமீட்டர் என்று எழுதி வாங்கி வந்ததும் நல்லது, அந்தத் தாளை லேமினேட் செய்து வையுங்கள்.

நிலாவெளி அக்கா கன்னியா வெந்நீரூற்றுக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். சூடு தசைக்கு இதம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஏழு கிணற்றையும் நினைத்துப் பாருங்கள். கட்டு பதிவு, வாளியை விட்டுக் குனிந்து குனிந்து அள்ள வேண்டும், சுற்றிலும் ஈரம், கூட்டம். அப்பா குனியக் கூடாது. காயம் முழுதாக மூடிய பிறகு, அவரை உயரமான கதிரையில் இருத்தி, நீங்கள் அள்ளி ஊற்றுவதென்றால் போங்கள்.

மே 18

மோட்டார் சைக்கிள். இந்த ஊரில் இது இல்லாமல் ஒன்றும் நடக்காது, அதனால் விரிவாக.

எனக்கு வலது இடுப்பு. வண்டியில் இடது பக்கம் நின்று ஏறும்போது உயர்த்தி வீச வேண்டியது வலது காலைத்தான், அதுவும் விரித்துத் திருப்பி. கிக் ஸ்டார்ட்டரை மிதிப்பதும் வலது கால், அந்த உதை முழுவதும் தொடை எலும்பின் கழுத்துக்குப் போகும். பின் பிரேக்கும் வலது கால். மூன்று மாத எக்ஸ்ரே நன்றாக வந்த பிறகுதான் தொட்டேன், அதுவும் மனைவியின் ஸ்கூட்டியை. முன்னால் காலை வைத்து ஏறலாம், செல்ஃப் ஸ்டார்ட், பிரேக் இரண்டும் கையில். என் பழைய சைக்கிளைக் கிக் பண்ணுவது ஒரு வருடம் முடிந்த பிறகு.

கடல் இப்போது அமைதி. உப்புவெளியில் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறேன். உடம்பின் பாரம் குறைவதால் சாயாமல் நடக்கப் பழக இதை விட நல்ல இடமில்லை. ஆனால் கரையில் கவனம். உலர்ந்த மண் காலைத் திருகும். ஈரமண் கெட்டி, ஆனால் கடல் பக்கம் சரிவு, ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போன தூரம் அதே கரையில் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகப் போகும். முதல் முறை போனபோது அலை பின்னங்காலில் அடித்ததும் மகள் இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 9

டென்னிஸ் வீரர் அண்டி மரே பற்றி எழுதிய தம்பிக்கு. அவருக்கு 2019 ஜனவரியில் லண்டனில் ரீசர்ஃபேஸிங் நடந்தது, ஜூனில் இரட்டையர் ஆட்டத்துக்கு வந்து கிண்ணமும் எடுத்தார், ஒக்டோபரில் அன்ட்வேர்ப்பில் ஒற்றையரும் வென்றார். எல்லாம் உண்மை. எனக்கும் அது பெரிய தெம்பு தந்த செய்தி. ஆனால் முழுநேரமும் பயிற்சியாளர்கள் பக்கத்தில் நின்ற உடம்பு அது. இரட்டையரில் பாதி மைதானம்தான். ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் எங்கள் பெடியன்கள் பார்க்க வேண்டும். ஏகாம்பரம் மைதானத்தில் என்னோடு பந்து விளையாடியவர்கள் இந்த வருடமே இறங்கச் சொல்கிறார்கள். இந்த வருடம் இல்லை.

நானா லொறி எடுக்கலாமா என்ற கேள்விக்கு: இடது கால் என்றால் கிளட்ச். லொறிக் கிளட்ச் காரினுடையதை விடக் கனம், ஊருக்குள் நூறு தரம் மிதிக்க வேண்டும். கார் என்றால் ஆறு கிழமைக்குப் பிறகு பலரை விடுகிறார்கள், லொறிக்கு அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். மூன்று மாத எக்ஸ்ரே ஜூலையில் வருகிறது, அதுவரைக்கும் பக்கத்துச் சீற்றில் இருந்து கணக்குப் பார்க்கட்டும். ஏறும்போது வலது கால் முதலில். பெட்டி தூக்குவது இந்த வருடம் வேறு ஆளின் வேலை. சம்பளம் கொடுத்தாவது ஒரு பெடியனை வையுங்கள். கழுத்து முறிந்தால் அடுத்தது முழு மாற்றுத்தான், இவ்வளவு தூரம் போய் எலும்பை மிச்சம் பிடித்து வந்ததற்குப் பலனில்லாமல் போகும்.

ஜூலை 13

நானாவின் எக்ஸ்ரே சரி என்று டொக்டர் சொன்னது பெரிய நிம்மதி. லொறியை ஊருக்குள் மட்டும், பெட்டி தூக்காமல் என்று அவரே ஒத்துக்கொண்டாராம். நல்லது.

இனி இரத்தப் பரிசோதனை. கோபால்ட், குரோமியம் இரண்டும். பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு 2010இல் வைத்த எச்சரிக்கை எல்லை ஒரு லீட்டருக்கு 7 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. சாதாரணக் குழாயில் எடுத்தால் குழாயில் உள்ள உலோகமே கலந்து எண்ணை ஏற்றிவிடும், உலோகச் சுவடு இல்லாத குழாய் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் மூட்டு இருக்கிறதென்று சொல்லிவிட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் இரண்டு ஊன்றுகோலும், கொமட் உயர்த்தியும் சும்மா இருக்கின்றன. உயரம் மாற்றக்கூடிய கோல், அடி ரப்பர் புதிதாகப் போட்டிருக்கிறேன். நிலாவெளி அக்காவின் அப்பாவுக்கு உயர்த்தி வேண்டுமென்றால் யாரையாவது அனுப்புங்கள், பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.